தமிழ்நாடு காவல்துறை: வரலாறும் அமைப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு காவல்துறை எப்போது தொடங்கியது?

1859-ல். அந்த ஆண்டு செப்டம்பர் 6-ம் தேதி மெட்ராஸ் மாவட்டக் காவல் சட்டம் நிறைவேறியது. இந்தியாவுக்கெல்லாம் பொதுவான காவல் சட்டம் 1861-ல்தான் வந்தது. நம்முடையது அதற்கு இரண்டு வருடம் மூத்தது. இன்றும் அது 'தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம், 1859' என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது. செப்டம்பர் 6-ம் தேதியைக் காவலர் நாளாகக் கொண்டாடுவது என்று 2025-ல் மாநில அரசு அறிவித்ததும் இதை வைத்துத்தான்.

அக்டோபர் 21-ம் தேதி வருவது வேறு. 1959-ல் லடாக்கில் சீனப் படையின் தாக்குதலில் உயிரிழந்த காவலர்களுக்காக நாடு முழுக்க அனுசரிக்கப்படும் வீரவணக்க நாள் அது.

அதற்கு முன்னால் ஊரை யார் காவல் காத்தார்கள்?

ஊர்க் காவல்காரர்கள்தான். ஒரு ஊருக்கோ சில ஊர்களுக்கோ ஒரு காவல் குடும்பம் இருக்கும். அறுவடையில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். இவர்களுக்கு மேலே வட்டாரக் காவல் உரிமை பாளையக்காரர்கள் கையில் இருந்தது. சென்னைப் பட்டணத்திலும் இதே முறைதான். கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைக் காவல் காத்த பெத்த நாயக்கரின் பெயர் இன்றும் பெத்தநாயக்கன்பேட்டையில் நிற்கிறது.

பாளையக்காரர் போர்கள் முடிந்ததும் கம்பெனி அரசு அந்தக் காவல் உரிமைகளைப் பறித்தது. 1816-ல் தாமஸ் மன்றோவின் யோசனைப்படி காவல் பொறுப்பு மாவட்ட நீதிபதிகளிடமிருந்து கலெக்டர்களுக்குப் போனது. கலெக்டருக்குக் கீழே தாசில்தார், அவருக்குக் கீழே கிராம மணியக்காரரும் தலையாரியும். அதாவது வரி வசூலிப்பவரும் திருடனைப் பிடிப்பவரும் ஒரே ஆள்.

அதில் என்ன சிக்கல்? ஏன் தனித் துறை தேவைப்பட்டது?

இந்தப் பக்கத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான்.

வரி பாக்கி வைத்த விவசாயியை தாசில்தாரின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போவார்கள். அவன் எங்கே போய் முறையிடுவான்? முறையிட வேண்டிய காவல் அதிகாரியும் அதே தாசில்தார்தானே! இந்தக் கொடுமைகள் 1854-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசப்பட்டன. உடனே சென்னையில் ஒரு விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூன்று பேர் கொண்ட அந்த ஆணையம் 1855-ல் அறிக்கை கொடுத்தது. சித்திரவதை ஆணைய அறிக்கை என்றே அது வரலாற்றில் அறியப்படுகிறது.

அதில் இரண்டு முறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று கிட்டி. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து, வலி தாங்க முடியாமல் கத்தும்வரை நெருக்குவார்கள். இன்னொன்று அனந்தால். தலையைக் காலோடு சேர்த்துக் கயிற்றால் இழுத்துக் கட்டி, குனிந்த நிலையிலேயே வெயிலில் மணிக்கணக்காக நிறுத்துவார்கள். சில ரூபாய் வரிப் பாக்கிக்காக இதெல்லாம் நடந்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் இதே முறைகள்தான்.

வரி வசூலும் காவலும் ஒரே கையில் இருப்பது இதற்கு முக்கியமான காரணம் என்ற முடிவுக்கு அரசு வந்தது. நான்கு வருடத்தில் சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு சூப்பரின்டெண்டென்ட், மாகாணத்துக்கு ஒரு தலைவர், மாதச் சம்பளம் வாங்கும் காவலர்கள் என்று வருவாய்த்துறையிலிருந்து பிரிந்த ஒரு படை உருவானது. 1857 எழுச்சிக்குப் பிறகு கட்டுப்பாடான ஒரு படை ஆட்சியாளர்களுக்குத் தேவைப்பட்டதும் உண்மை. ஆனாலும் நம் காவல்துறை பிறந்ததற்குப் பின்னால் மக்களின் புகார் மனுக்கள் இருக்கின்றன. காவல்துறை வரலாற்றைச் சொல்கிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு உடன்பாடில்லை.

முதல் தலைவர் யார்? மெரினாவில் இருக்கும் தலைமை அலுவலகம் அவர் கட்டியதா?

முதல் தலைவர் வில்லியம் ராபின்சன். கட்டடம் அவர் கட்டியதில்லை. ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தினர் தங்கள் கூட்டங்களுக்காக 1839-ல் கட்டிய மண்டபம் அது. 1865-ல் மாதம் 90 ரூபாய் வாடகைக்கு எடுத்தார்கள். 1874-ல் 20,000 ரூபாய்க்கு அரசே வாங்கிவிட்டது. 1990-களில் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் திட்டம் போட்டார்கள். பாரம்பரியக் கட்டட ஆர்வலர்கள் நீதிமன்றத்துக்குப் போனதால் தப்பியது. கடற்கரைச் சாலையில் இன்று நாம் பார்க்கும் அந்த வெள்ளைத் தூண்கள் அப்படிக் காப்பாற்றப்பட்டவை.

சென்னைக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களுக்கும் 1856-லேயே தனி ஏற்பாடு வந்துவிட்டது. சென்னைக்கு போலீஸ் கமிஷனர் பதவி அப்போது உருவானது. அப்புறம் 1888-ல் சென்னை நகரக் காவல் சட்டம் வந்தது. நகரத்தில் பொதுக்கூட்டத்துக்கோ ஊர்வலத்துக்கோ அனுமதி மறுக்கும்போது செய்தியில் அடிபடும் 41-வது பிரிவு இந்தச் சட்டத்தில் உள்ளதுதான்.

ரேகைச் சட்டம் என்று தென் மாவட்டங்களில் சொல்கிறார்களே, அது என்ன?

குற்றப் பரம்பரையினர் சட்டம். வட இந்தியாவில் 1871-ல் தொடங்கியது, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று முத்திரை குத்தி, கைரேகை பதிந்து, ராத்திரி காவல் நிலையத்திலோ அதற்கென்று வைத்த இடத்திலோ வந்து படுக்கச் சொன்ன சட்டம் அது. கல்யாணத்துக்கு வெளியூர் போவதென்றாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். பிரமலைக் கள்ளர்கள் உட்படப் பல சமூகங்கள் இதில் சிக்கின. 1920 ஏப்ரல் 3-ம் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்படப் பலர் செத்துப்போனார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் 'அந்த ஊர்க்காரனா?' என்று கேட்டுவிட்டு விசாரணையைத் தொடங்கும் பழக்கம் சட்டத்தோடு சேர்ந்து போய்விடவில்லை.

மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது என்ன ஆனது?

1953-ல் ஆந்திரப் பகுதிகளும், 1956-ல் மலபாரும் தென் கன்னடமும் பிரிந்து போயின. 1921 மாப்பிள்ளை எழுச்சியை ஒட்டி உருவான மலபார் சிறப்புப் போலீஸ் கேரளாவுக்குப் போனது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. 1969-ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனபோது துறையின் பெயரும் மாறியது. புதுச்சேரி காவல்துறை இதில் சேராது. அது யூனியன் பிரதேசத்தின் தனித் துறை. பிரெஞ்சுக் காலத்துச் சிவப்புத் தொப்பியை அங்கே இன்றும் பார்க்கலாம்.

இப்போது துறை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது?

உச்சியில் டிஜிபி. 1979-வரை ஐஜிதான் துறைக்குத் தலைவர், அதன் பிறகுதான் டிஜிபி பதவி வந்தது. சட்டம் ஒழுங்குக்காக மாநிலம் வடக்கு, மத்திய, மேற்கு, தெற்கு என நான்கு மண்டலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐஜி. மண்டலத்துக்குள் சரகங்கள், அவற்றுக்கு டிஐஜி. சரகத்துக்குள் மாவட்டங்கள், அவற்றுக்கு எஸ்பி. மாவட்டத்துக்குள் உட்கோட்டம், அதற்கு டிஎஸ்பி. அதன் கீழ்தான் நம் ஊர்க் காவல் நிலையம். மாநிலத்தில் சட்டம் ஒழுங்கு நிலையங்கள் மட்டும் 1,300-க்கு மேல்.

பெரிய நகரங்கள் இந்த ஏணிக்கு வெளியே இருக்கின்றன. சென்னை, ஆவடி, தாம்பரம், கோவை, திருப்பூர், சேலம், திருச்சி, மதுரை, நெல்லை என்று ஒன்பது மாநகரக் காவல் ஆணையரகங்கள். ஆவடியும் தாம்பரமும் 2022 தொடக்கத்தில் சென்னையிலிருந்து பிரிந்தவை.

எஸ்பிக்கும் கமிஷனருக்கும் என்ன வித்தியாசம்?

பதவி உயரம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதிகாரத்தில் வேறுபாடு உண்டு. மாவட்டத்தில் சில உத்தரவுகளைக் கலெக்டர்தான் போட முடியும். எஸ்பி பரிந்துரை செய்வார். மாநகரத்தில் அந்த அதிகாரம் கமிஷனரிடமே இருக்கிறது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ம் ஆண்டின் 14-வது சட்டம் இதற்குச் சரியான உதாரணம். மாவட்டத்தில் ஒருவரை அதில் ஒரு வருடம் அடைக்கக் கலெக்டர் கையெழுத்து வேண்டும். மாநகரத்தில் கமிஷனர் கையெழுத்தே போதும். அறிவுரைக் குழுமமும் உயர் நீதிமன்றமும் பின்னால் பார்க்கும் என்றாலும், கைது செய்யும் துறையே தடுப்புக்காவல் உத்தரவையும் போடுவது கவலைக்குரிய ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

பதவி வரிசையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கீழிருந்து வருவோம். இரண்டாம் நிலைக் காவலர், முதல்நிலைக் காவலர், தலைமைக் காவலர் என்னும் ஏட்டு, எஸ்எஸ்ஐ என்னும் சிறப்பு உதவி ஆய்வாளர், எஸ்ஐ, இன்ஸ்பெக்டர், டிஎஸ்பி, ஏடிஎஸ்பி, எஸ்பி, டிஐஜி, ஐஜி, ஏடிஜிபி, டிஜிபி. மாநகரத்தில் டிஎஸ்பி இடத்தில் உதவி ஆணையர், எஸ்பி இடத்தில் துணை ஆணையர், அதற்கு மேல் இணை ஆணையர், கூடுதல் ஆணையர், ஆணையர்.

அடையாளம் காண ஒரு வழி: சட்டைக் கையில் இரண்டு பட்டை என்றால் முதல்நிலைக் காவலர், மூன்று பட்டை என்றால் ஏட்டு. தோளில் மூன்று நட்சத்திரமும் அதன் கீழே சிவப்பு-நீல ரிப்பனும் இருந்தால் இன்ஸ்பெக்டர். ரிப்பன் இல்லாமல் மூன்று நட்சத்திரம் என்றால் டிஎஸ்பி.

உள்ளே வரும் வாசல்கள் மூன்று. காவலர், எஸ்ஐ பணிகளுக்கு 1991-ல் அமைந்த சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். டிஎஸ்பிக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 1. ஐபிஎஸ்ஸுக்கு யுபிஎஸ்சி. காவலராகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கால் நூற்றாண்டு உழைத்து எஸ்எஸ்ஐ ஆகி ஓய்வு பெறுகிறார்கள்.

காவல் நிலையத்துக்குள் யார் என்ன வேலை பார்க்கிறார்கள்?

வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர் பாரா. உள்ளே நுழைந்ததும் வரவேற்பாளர் மேஜை. அதற்கு அடுத்து, கட்டுக்கட்டாகப் பதிவேடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர் ரைட்டர். அரசாணைப்படி அப்படி ஒரு பதவியே கிடையாது. பெரும்பாலும் ஒரு ஏட்டையா பார்க்கும் பணி அது. ஆனால் நிலையத்தின் நினைவு முழுக்க அவரிடம்தான். எந்த வழக்கு எந்த கோர்ட்டில் எந்த நிலையில் கிடக்கிறது, யாருக்கு சம்மன் போக வேண்டும், எந்த வண்டி எந்த வழக்கில் பின்பக்கம் துருப்பிடித்து நிற்கிறது என்று அவரைக் கேட்டால் தெரியும். காலை ரோல்காலில் இன்றைக்கு யாருக்குக் கோர்ட் டூட்டி, யாருக்கு பந்தோபஸ்து, யாருக்கு பீட் என்று பிரியும். அப்போதே பாதிப் பேர் வெளியே போய்விடுவார்கள். புகாரோடு பத்து மணிக்கு வருகிறவர், 'ஆளே இல்லையே' என்று நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

தனிப்பிரிவு ஏட்டு என்று ஒருவர் உண்டு. அவர் இன்ஸ்பெக்டரின் எல்லைக்குள் இருந்தாலும் தகவல் சொல்வது நேராக எஸ்பிக்கு. நிலையத்தில் நடக்கும் தவறும் அந்த வழியாக மேலே போக வேண்டும் என்பதுதான் நோக்கம்.

ஆயுதப்படை, பட்டாலியன், தாலுகா போலீஸ் எல்லாம் ஒன்றா?

மூன்றும் வேறு. நிலையத்தில் வேலை பார்ப்பது தாலுகா போலீஸ். மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு கைதி வழிக்காவல், முக்கியப் பிரமுகர் பாதுகாப்பு, திருவிழாக் கூட்டம் என்று போவது ஆயுதப்படை, அதாவது ஏஆர். கலவரம், பேரிடர், வெளிமாநிலத் தேர்தல் பணிக்கெல்லாம் அனுப்பப்படுவது தமிழ்நாடு சிறப்புக் காவல் படை. அதன் பட்டாலியன்கள் ஆவடி, திருச்சி, மணிமுத்தாறு, பழனி, உளுந்தூர்பேட்டை, கோவைப்புதூர் போன்ற ஊர்களில் இருக்கின்றன. புதிதாகச் சேரும் காவலர் முதலில் பட்டாலியனிலோ ஏஆரிலோ சில வருடம் இருந்துவிட்டுத்தான் தாலுகாவுக்கு வருவார். ஆக, மக்களிடம் பேசிப் பழக வேண்டிய வேலைக்கு வருகிறவரின் முதல் சில வருடங்கள் லத்தியோடும் கூட்டத்தோடும்தான் கழிகின்றன.

சிறப்புப் பிரிவுகளில் முக்கியமானவை எவை?

1902-03-ல் கூடிய ஃப்ரேசர் ஆணையத்தின் பரிந்துரையால் 1906-ல் சிஐடி என்னும் குற்றப் புலனாய்வுத் துறை வந்தது. அதன் வழிவந்ததுதான் இன்றைய சிபிசிஐடி. நக்சல்பாரி இயக்கத்தைக் கண்காணிக்கத் தொடங்கிய க்யூ பிரிவு, பின்னர் இலங்கை தொடர்பான வழக்குகளுக்குப் பேர்போனது. பொருளாதாரக் குற்றப்பிரிவு நிதி நிறுவன மோசடிகளைப் பார்க்கிறது. அதன் கையில் இருக்கும் ஆயுதம், முதலீட்டாளர்களைப் பாதுகாக்க 1997-ல் வந்த டான்பிட் சட்டம். ரயில்வே போலீஸ், கடலோரப் பாதுகாப்புக் குழுமம், சைபர் குற்றப்பிரிவு, மதுவிலக்குப் பிரிவு ஆகியவையும் உண்டு. வீரப்பனைப் பிடிக்க 1993-ல் அமைந்த சிறப்பு அதிரடிப்படை, 2004 அக்டோபர் 18 இரவு தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அவரைச் சுட்டுக்கொன்றது. அந்தத் தேடலின்போது சோளகர் உள்ளிட்ட மலைமக்கள் பட்ட துன்பத்தையும் அதே வரியில் சொல்லத்தான் வேண்டும்.

எனக்குப் பெருமையான பிரிவு, 1983-ல் தொடங்கிய சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன சோழர் கால நடராஜர், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் நின்றது. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். கோயிலில் எடுத்திருந்த பழைய புகைப்படங்களும் கலைக்கூடத்துப் படங்களும் ஒத்துப்போனது அந்த வழக்கில் பெரிய சான்றாக நின்றது.

பெண்கள் எப்போது வந்தார்கள்?

1973-ல், ஒரு எஸ்ஐ, ஒரு ஏட்டு, 20 காவலர்கள் என்று தொடக்கம். 1976-ல் ஐபிஎஸ்ஸில் சேர்ந்த திலகவதி தமிழ்நாட்டின் முதல் பெண் ஐபிஎஸ் அதிகாரி. முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் திறந்தது. இன்று அப்படிப்பட்டவை 200-க்கு மேல். லத்திகா சரண் 2006-ல் சென்னை கமிஷனராகவும் 2010-ல் டிஜிபியாகவும் வந்தார்.

லஞ்ச ஒழிப்புத்துறையும் டிஜிபிக்குக் கீழா?

அதில் வேலை பார்ப்பவர்கள் போலீஸ்காரர்கள்தான், ஆனால் 1964-ல் அமைந்த அந்த இயக்ககம் சட்டம் ஒழுங்கு டிஜிபியின் கட்டுப்பாட்டில் வராது. தீயணைப்பு, சிறை இரண்டும் தனித் துறைகள்.

துறைக்குள் சீர்திருத்தம் நடந்திருக்கிறதா?

1969-ல் ஆர்.ஏ. கோபாலசுவாமி தலைமையில் முதல் மாநிலக் காவல் ஆணையம், 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சி.டி. செல்வம் தலைமையில் இன்னோர் ஆணையம் என்று பரிந்துரைகளுக்குப் பஞ்சமில்லை. காவலர்களுக்கு வார விடுப்பு அரசாணையாக 2021-ல் வந்தது. ஆனால் பந்தோபஸ்து வந்தால் முதலில் பறிபோவதும் அதுதான். அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலர்களை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை 1979-லேயே ஒழித்ததாக அரசாணை இருக்கிறது. 2022-லும் சென்னை உயர் நீதிமன்றம் அதிகாரிகள் வீட்டிலிருந்து காவலர்களைத் திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டியிருந்தது. தேர்வு எழுதி, ஓடி, கயிறு ஏறிச் சேர்ந்த ஒருவரை மார்க்கெட்டுக்கும் நாயைக் குளிப்பாட்டவும் அனுப்புவது அவருக்கும் அவமானம், சம்பளம் கொடுக்கும் மக்களுக்கும் நஷ்டம்.

காவல் சீர்திருத்தம் கேட்டுத் தொடரப்பட்ட பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னவற்றுக்குப் பதிலாகத் தமிழ்நாடு 2013-ல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. போலீஸ் மீதான புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் ஆணையம் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இங்கே மாநில அளவில் உள்துறைச் செயலரையும் மாவட்ட அளவில் கலெக்டரையும் தலைவராக வைத்தார்கள். நிர்வாகமே நிர்வாகத்தை விசாரிப்பதில் யாருக்கு நம்பிக்கை வரும்?

இந்தத் துறையின் மீதுள்ள கறைகளையும் சொல்ல வேண்டாமா?

சொல்லாமல் இருக்க முடியாது. 1992 ஜூனில் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து ஊரையே சூறையாடி, பெண்களைப் பாலியல் வன்முறை செய்தார்கள். 2011-ல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, அதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோயிருந்தார்கள். 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2018 மே 22-ல் தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போகப்பட்ட தந்தையும் மகனும் இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கே நிலையத்தில் ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை. தடயங்கள் அழியாமல் இருக்க, அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த்துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 1859-ல் வருவாய்த்துறையின் சித்திரவதையிலிருந்து மக்களைக் காப்பாற்றத்தான் காவல்துறையைத் தனியாகப் பிரித்தார்கள். 161 வருடம் கழித்து, காவல் நிலையத்திடமிருந்து உண்மையைக் காப்பாற்ற வருவாய்த்துறையைக் கூப்பிட வேண்டி வந்தது. இந்தத் துறையில் நேர்மையாக வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதைவிடப் பெரிய வலி இருக்க முடியாது.

நான் கொடுத்த புகாருக்கு சிஎஸ்ஆர் ரசீது மட்டும் தந்தார்கள். அது போதுமா?

சிஎஸ்ஆர் என்பது மனு பெறப்பட்டதற்கான ரசீது. வழக்குப் பதிவு ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்ஐஆர் போட வேண்டும், அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 173-வது பிரிவு இதைச் சொல்கிறது. மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம். சம்பவம் வேறு நிலைய எல்லையில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது.

எஃப்ஐஆர் போட மறுத்தால், புகாரை எழுத்தில் எஸ்பிக்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தத் தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், அந்த ரசீதையும் சிஎஸ்ஆரையும் இணைத்து உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.